புதிய ஐ.டி. சேவை நிறுவனம் வரும்போது முதல் மூன்று மாதங்களில் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: திருப்பூரில் ஏறத்தாழ நாற்பது கணினிகள், டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு சர்வர், கேமராக்கள், வருகைப் பதிவு இயந்திரங்கள் ஆகியவற்றோடு இயங்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, பல ஆண்டுகளாகத் தனி ஒருவர் பார்த்துவந்த கணினி வேலைகளை இப்போது ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு சேவை நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி அவர்கள் வருகிறார்கள். தொடக்கத்தை எப்படி நடத்துவது, எதை எழுத்தில் வாங்குவது, எதை அவர்களிடமே விட்டுவிடுவது?

விலையும் ஆளும் முடிவான பிறகு கேட்கப்பட்ட கேள்வி என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. புதியவர்களுக்கு எந்த வேலையையும் சொல்வதற்கு முன்னால், கணினி சார்ந்து உங்களுக்குச் சொந்தமானவை எல்லாம் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். சேவை நிறுவனத்துக்கு உள்ளே வந்து வேலை செய்யும் அனுமதி வேண்டும். உரிமையாளர் என்ற இடம் வேண்டியதில்லை. இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோன நிறுவனங்களில்தான், பழையவரை விடவும் முடியாமல் புதியவரை முழுதாக வேலை செய்ய வைக்கவும் முடியாமல் மாதங்கள் ஓடுகின்றன.

முதலில் இணைய முகவரியை (டொமைன்) எடுத்துக்கொள்வோம். உங்கள் மின்னஞ்சல்களின் பின்பகுதியில் வரும் அந்தப் பெயரைப் பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் பதிவு செய்து கொடுத்திருப்பார். பெரும்பாலும் தம் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்து, தம் கார்டில் பணம் கட்டி, தம் கணக்கிலேயே பதிந்திருப்பார். ஏமாற்றும் எண்ணம் காரணமல்ல. அன்றைக்கு அதுதான் சீக்கிரம் முடிகிற வழியாக இருந்திருக்கும். ஆனால் இன்று அந்தக் கணக்கில் உள்ளே போகக்கூடியவர் அவர் ஒருவர்தான். புதுப்பிக்கும் தேதி தவறினால், ஜெர்மனியில் இருக்கும் வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. ஆகவே இணைய முகவரிகளைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி முகவரியை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே முகவரியில் முடிவதாக இருக்கக் கூடாது. முகவரி செயலிழந்தால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே போய்விடும். டாட் காம் முகவரிகளில் உரிமையாளர் விவரத்தை மாற்றினால், வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பல இடங்களில் 60 நாள் பூட்டு விழும் என்பதால், இருக்கும் இடத்திலேயே பெயரை மாற்றுவதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது டேலி. லைசென்ஸ் விவரத்தைத் திறந்து பார்த்தால் சீரியல் எண்ணோடு அதை நிர்வகிக்கும் மின்னஞ்சல் முகவரியும் தெரியும். அது உங்கள் முதலாளியுடையதாகவோ கணக்குப் பிரிவுடையதாகவோ இருந்தால் நல்லது. விற்றவருடையதாகவோ பழைய சிஸ்டம்காரருடையதாகவோ இருந்தால், சர்வரை மாற்றி லைசென்ஸை வேறு கணினியில் ஏற்ற வேண்டிய நாளில் அவரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கும். டேலி வால்ட் என்ற பூட்டைப் போட்டிருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். அதன் கடவுச்சொல் தொலைந்தால் மீட்டுத் தருவதற்கு வழியில்லை. அதை அறிந்தவர் ஒரே ஒருவர் என்ற நிலை ஒரு நாள்கூட நீடிக்கக் கூடாது.

இதே பார்வையோடு மற்றவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸ் எதுவானாலும், அதன் உச்ச நிர்வாகிக் கணக்கு ஒன்று நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு அதை யாரும் பயன்படுத்தாமல், கடவுச்சொல்லையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளையும் உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைத்துவிடலாம். வெளியிலிருந்து வரும் தாக்குதல்களைத் தடுக்கும் ஃபயர்வால் கருவி வாங்கியிருந்தால் அதன் சந்தா யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது, கேமராப் பதிவுப் பெட்டி யாருடைய கைப்பேசிச் செயலியோடு இணைந்திருக்கிறது, இணைய இணைப்புக்கான புகாரை யாருடைய எண்ணிலிருந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்பவையும் இதில் அடங்கும். கேமரா விஷயத்தைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். வேலையை விட்டுப் போன ஒருவர் தம் வீட்டில் உட்கார்ந்தபடி உங்கள் தையல் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சின்ன விஷயம் அல்ல. மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்), மின்வழிச் சீட்டு (இ-வே பில்) தளங்களுக்கான இரண்டு கட்டச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டதால், அந்த ஓ.டி.பி. யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்பதையும் இந்த உரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் பழையவரின் ஒத்துழைப்போடுதான் நடக்கும். அவரை அனுப்பும் விதத்தைப் பொறுத்துத்தான் புதியவரின் தொடக்கம் அமையும். முதலில் அவருக்குச் சேர வேண்டிய பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்; பணத்தை நிறுத்திவைத்துக்கொண்டு கடவுச்சொற்களைக் கேட்பது பேரம் போலத்தான் படும். அதற்குப் பிறகு, அவரும் புதியவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒப்படைக்க இரண்டு நாள் ஒதுக்குங்கள், அந்த நாள்களுக்குத் தனியாக ஊதியம் கொடுங்கள். எந்தச் சுவிட்ச் மழைக்காலத்தில் நின்றுபோகும், எந்த வயர் ஃபினிஷிங் பிரிவுக்குப் போகிறது, ஜெனரேட்டர் மாறும்போது எந்த யு.பி.எஸ். தாங்காது என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அவருடைய தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அவர் தர மறுத்தால் சட்டம் இல்லாமலில்லை: அனுமதி பெற்றவருக்குக் கணினியைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது, தீய நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைகூட உண்டு. ஆனால் அதைப் பேச்சில் முதல் வார்த்தையாக வைப்பவர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

புதியவர்கள் வந்த முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யட்டும். இது அவர்களுக்குப் பிடிக்காது; வந்த வேகத்தில் எதையாவது சரிசெய்து பெயர் வாங்கத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு ரவுட்டரை மாற்றப் போய், வருகைப் பதிவு இயந்திரத்திலிருந்து சம்பள மென்பொருளுக்குத் தகவல் போவது நின்றுவிட்டால், அது தெரியவருவது சம்பள நாளில்தான். இந்த இரண்டு வாரத்தில் அவர்கள் தர வேண்டியது ஒரு ஆவணம்: ஒவ்வொரு கணினியும் எங்கே இருக்கிறது, யாருடையது, எந்த இயங்குதளம், எந்த ஆண்டு வாங்கியது, எந்த மென்பொருளுக்கு லைசென்ஸ் இருக்கிறது, எதற்கு இல்லை என்ற பட்டியலும், வலையமைப்பின் ஒரு வரைபடமும். அந்த ஆவணம் உங்களுடையது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் இல்லாத மென்பொருள் விஷயத்தில் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பேட்டர்ன் போடும் கணினியிலும் டிசைன் பிரிவிலும் என்ன ஓடுகிறது என்பது எப்படியும் அவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். ஆடிட்டரிடம் கணக்கை மறைத்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். லைசென்ஸை உடைத்த மென்பொருள், தன்னை நிறுவும்போது வைரஸ் எதிர்ப்பியை நிறுத்திவைக்கச் சொல்லும்; அப்படி நிறுத்திவைத்த கணினி ஒன்றே போதும் மற்ற முப்பத்தொன்பதையும் கெடுக்க.

அந்த இரண்டு வாரத்துக்குள் தொட்டே ஆக வேண்டியவை என்று மூன்று உண்டு. வீட்டிலிருந்தோ கிளையிலிருந்தோ டேலி பார்ப்பதற்காக, சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது 3389 என்ற போர்ட்டை, ரவுட்டர் வழியாக நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். திறந்திருந்தால் அன்றே மூடிவிட்டு வி.பி.என். என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பின் வழியாக மட்டும் வருமாறு செய்ய வேண்டும். சிறு நிறுவனங்களில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் அதிகம் நுழையும் கதவுகளில் இது ஒன்று. இரண்டாவதாக, ஒவ்வொரு மின்னஞ்சல் பெட்டியிலும் கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்குபவருக்கும் உங்களுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தை மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பணம் வரும் சமயத்தில் வேறு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பும் மோசடிக்கு அந்த விதிதான் வழி. ஏற்றுமதியாளரின் ஒரு கன்டெய்னர் பணம் இப்படிப் போய்விட முடியும். மூன்றாவது, எந்தக் கணினிகளில் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள் ஆளில்லாமலே உள்ளே நுழையும் வகையில் நிரந்தரக் கடவுச்சொல்லோடு வைக்கப்பட்டிருக்கின்றன என்பது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, புதியவர்கள் பயன்படுத்தும் ஒரே ஒரு கருவியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு கருவியைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும். 2021 ஜூலை 2 அன்று, சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கப் பயன்படுத்திய கசேயா வி.எஸ்.ஏ. என்ற மென்பொருளின் ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரெவில் என்ற கும்பல் நுழைந்தது. கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்களில் பாதிக்கப்பட்டவை அறுபதுக்கும் குறைவு. ஆனால் அவர்களை நம்பியிருந்த நிறுவனங்கள் 1,500 வரை மாட்டிக்கொண்டன. சுவீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம், கல்லாக்கள் இயங்காமல் ஏறத்தாழ 800 கடைகளை மூட வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப் பரிமாற்றத்தைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்.பி.சி.ஐ.) தற்காலிகமாகத் துண்டித்தது. சேவை தருபவரின் வீட்டுக் கதவு திறந்திருந்தால் உங்கள் கதவும் திறந்ததாகத்தான் அர்த்தம். எனவே அவர்களிடம் கேளுங்கள்: எங்கள் கணினிக்குள் வரும் உங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டா, எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்கிறீர்களா? இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டா? ஒருவர் வேலையை விட்டுப் போனால் எத்தனை மணி நேரத்தில் அவர் கணக்கை நிறுத்துவீர்கள்? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது, தயாராகவே பதில் வைத்திருக்கும்.

பேக்கப்பைப் பற்றி எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கும், அந்த வரியை நான் நம்புவதில்லை. 'பேக்கப் தினமும் ஓடுகிறது' என்பதும் 'பேக்கப்பிலிருந்து மீட்க முடியும்' என்பதும் வெவ்வேறு செய்திகள். முதல் மாத முடிவுக்குள் ஒரு சோதனை நடத்துங்கள். சர்வரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கணினியில், முந்தைய நாள் இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து டேலி தரவை மீட்டு ஏற்றச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கணக்காளர் வந்து உட்கார்ந்து, நாளேட்டில் கடைசி வவுச்சர் எண் எது, நூல் சப்ளையர் ஒருவரின் நிலுவை எவ்வளவு என்று பார்த்து, அசல் சர்வரில் உள்ளதோடு ஒப்பிடட்டும். கோப்பு திறந்துவிட்டது என்று டெக்னீஷியன் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தகுதி உள்ளவர் கணக்காளர்தான். இந்தச் சோதனையில் சில சமயம் வேடிக்கையான விஷயங்கள் வெளிவரும்: புதிய நிதியாண்டுக்குத் தனி கம்பெனி தொடங்கியிருப்பார்கள், பேக்கப் பழைய கம்பெனியின் கோப்புறையை மட்டும் விசுவாசமாக எடுத்துக்கொண்டிருக்கும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். அதோடு, ஒரு பிரதியாவது சர்வரிலிருந்து அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். சர்வரோடு எப்போதும் செருகியே கிடக்கும் யு.எஸ்.பி. டிஸ்க்கை, தாக்குபவர்கள் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடுவார்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் அமைந்த சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகள் சொல்கின்றன. கிளவுட் பேக்கப் என்று சொன்னால் அது எந்த நாட்டில் என்று கேட்பது அதனால்தான். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் செய்யும் திருத்தங்களின் தடம் பதிவாக வேண்டும் என்ற விதியும் கம்பெனிகளுக்கு நடப்பில் இருக்கிறது. சர்வர் வேகமாக வேண்டும் என்பதற்காக அதைத் தொடும் எந்த யோசனையையும் ஏற்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் 'நான்கு மணி நேரத்தில் பதில்' என்று எழுதியிருப்பார்கள். பதில் என்பது தொலைபேசியை எடுப்பதா, ஆள் வருவதா, சரிசெய்து முடிப்பதா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அவசரம் என்பதற்கு உங்கள் தொழிலின் மொழியில் விளக்கம் கொடுங்கள்: பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்டிக்கர் அச்சிடும் இயந்திரம் நின்றால், ஷிப்மென்ட் நாளில் அது முதல் தர அவசரம், மற்ற நாளில் இல்லை. பிடித்த வரியான டி.டி.எஸ். கட்டும் 7ஆம் தேதி, ஜி.எஸ்.டி. படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1க்கான 11ஆம் தேதி, பி.எஃப். கட்டும் 15ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்துக்கான 20ஆம் தேதி ஆகியவற்றுக்கு முந்தைய இரண்டு நாள் சர்வரிலோ இணைய இணைப்பிலோ எந்த மாற்றமும் கூடாது என்று நாள்காட்டியிலேயே குறித்துவிடலாம். மார்ச் கடைசியைச் சொல்லவே வேண்டாம். பெரிய மாற்றங்களுக்குத் திருப்பூரில் இயல்பாகவே இரண்டு நல்ல சமயங்கள் உண்டு: தீபாவளியும் பொங்கலும். தொழிலாளர்கள் ஊருக்குப் போய் ஊரே அடங்கியிருக்கும் அந்த நாள்களில் வேலை செய்ய இப்போதே ஒப்புக்கொள்ளச் சொல்லி, கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.

சட்டப் பொறுப்பில் ஒரு தெளிவு வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணை. அந்த ஆறு மணி நேரம் சேவை நிறுவனம் உங்களுக்குச் சொல்லாமல் தானே சரிசெய்துவிடலாம் என்று முயன்றுகொண்டிருக்கும்போதே ஓடிவிடும். ஆகவே சந்தேகம் வந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரம், முகப் பதிவு ஆகியவற்றைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை உங்கள் மீதுதான் வைக்கிறது. கையாள்பவர் வேறொருவர் என்று ஒதுங்க முடியாது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்குப் 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தரவைக் கையாளும் சேவை நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நிபந்தனை என்பதால், இப்போது எழுதும் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிடுவது இரட்டை வேலையை மிச்சப்படுத்தும்.

உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். அவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நிறுவனத்தில் எல்லாப் பிரிவுக்கும் போய் வருபவராகவும், இல்லை என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருந்தால் போதும். புகார்கள் எல்லாம் ஒரே வழியில், பதிவு எண்ணோடு போகட்டும். மெர்ச்சன்டைசர் ஒருவர் டெக்னீஷியனின் சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் தொடங்கிவிட்டால், ஆறு மாதத்தில் நீங்கள் விட்டு வந்த பழைய நிலைமையே வேறு முகத்தோடு திரும்பியிருக்கும்.

முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கொட்டேஷன் வரும். புதிய சர்வர், புதிய ஃபயர்வால், பதினைந்து புதிய கணினிகள் என்று நீளும். சந்தேகத்தோடு பார்ப்பது இயல்புதான், ஆனால் முழுவதையும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கட்டணம் கட்டி நீட்டிக்காத கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. சர்வரில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடுகிறது என்றால், அதற்கு 2023 அக்டோபர் 10லேயே ஆதரவு நின்றுபோனது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரில், இதை இந்த ஆண்டு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாத வரிகளை அவர்களே நீக்கிவிடுவார்கள்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் கொஞ்சம் மோசம். நூல்காரருக்கும் டையிங்காரருக்கும் இழுப்பது போலவே கணினிக்காரருக்கும் இழுக்கிறோம். அந்த நிறுவனம் அரசின் உத்யம் தளத்தில் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளும், இல்லாவிட்டால் 15 நாளும்தான் கெடு. தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. சட்டம் ஒருபுறம் இருக்க, அவர்களிடம் இருக்கும் நான்கைந்து நல்ல டெக்னீஷியன்களில் யாரை உங்களுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது பணம் நேரத்துக்கு வரும் இடம் எது என்பதும் கணக்கில் வரும்.

ஒப்பந்தத்தின் கடைசியில் பிரியும் முறையையும் இப்போதே, மனஸ்தாபம் ஏதும் இல்லாத இந்தச் சமயத்திலேயே எழுதிவிடுங்கள்: முப்பது நாள் முன்னறிவிப்பு, எல்லாக் கடவுச்சொற்களையும் ஆவணங்களையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தல், ஒப்படைக்கும் நாள்களுக்கான கட்டணம், அதன் பிறகு உங்கள் தரவின் பிரதி எதுவும் தங்களிடம் இல்லை என்று எழுத்தில் உறுதி. மூன்றாம் மாத முடிவில் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எது யாருடைய பெயரில் இருக்கிறது என்று தொடக்கத்தில் தயாரித்த உரிமைப் பட்டியலை மறுபடி வரிவரியாகப் பாருங்கள். இடையில் வாங்கிய சந்தா ஒன்றாவது அவர்களுடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அதை அன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.